மஞ்சள் மண்ணும் ஒரு மொராவியக் கிராமமும்: டோல்னி வியெஸ்டோனிட்செ

காற்று வாரிவந்து குவித்த லோயஸ் என்ற மஞ்சள் மண்ணில், நன்றாகக் காய்ந்த கட்டி ஒன்றை விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். அவ்வளவு சுலபத்தில் நொறுங்காது. அதே கட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் மெல்ல இறக்கினால் ஓரங்களில் குமிழி கிளம்பும். சில நிமிடங்களில் கட்டி உருத்தெரியாமல் சரிந்து அடியில் சேறாகப் படிந்துவிடும். காய்ந்திருக்கும்வரை சுவர்போல நிற்கிற மண், நனைந்ததும் காலை வாரிவிடுகிறது. செக் குடியரசின் தென்கோடியில் இருக்கும் டோல்னி வியெஸ்டோனிட்செ என்ற சின்னஞ்சிறு ஊரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, எல்லாம் இந்த ஒரு குணத்தில்தான் வந்து முடிகிறது. அங்கே மனிதர் சுட்ட முதல் பொம்மைகளும், வீடுகளும், திராட்சைத் தோட்டங்களும், கடைசியில் வந்த அணையும் இந்த மண்ணால் ஆனவை.

ஊரில் ஏறத்தாழ 300 பேர் இருக்கிறார்கள். செக் குடியரசின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் பெரிய நகரம் புர்னோ; அங்கிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மிகுலோவ் நகரம், அதைத் தாண்டினால் ஆஸ்திரியா. செக் மொழியில் 'டோல்னி' என்றால் கீழ், 'ஹோர்னி' என்றால் மேல். நம் ஊர்களில் கீழத்தெரு, மேலத்தெரு என்பதுபோல இங்கே கீழ வியெஸ்டோனிட்செ, மேல வியெஸ்டோனிட்செ என்று இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. டியெ ஆற்றின் போக்கில் மேற்கே இருப்பது மேல ஊர். நாம் பேசப்போவது கீழ ஊரைப் பற்றி.

ஊருக்குத் தெற்கே முதுகைக் காட்டியபடி நிற்கிறது தியெவீன் மலை. உயரம் சுமார் 550 மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே அதன் வெள்ளைப் பாறை கண்ணில் படும். அது ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை. பின்னாளில் கார்பாத்திய மலைத்தொடர் உருவானபோது நிலத்தின் அடுக்குகள் வடமேற்காகத் தள்ளப்பட்டன. அந்த நகர்வு இந்தச் சுண்ணாம்புப் பாளங்களைப் பெயர்த்து இழுத்து வந்து இங்கே நிறுத்திவிட்டது. பாளங்களுக்கு அடியிலும் சுற்றிலும் இருப்பது களிமண்ணும் மணற்கல்லும் மாறிமாறி வரும் வழுக்கல் அடுக்கு. அதனால்தான் பாலவா என்று அழைக்கப்படும் இந்த மலைத்தொடரின் சரிவுகளில் நிலம் அவ்வப்போது நழுவுகிறது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியாக இறங்கி அடியிலுள்ள களிமண்ணில் தேங்கும்போது, மேலே இருப்பது அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும்.

பாறையையும் களிமண்ணையும் மூடிப் போர்த்தியிருப்பதுதான் லோயஸ். நம் புவியியல் பாடநூல்கள் இதைக் காற்றடி வண்டல் என்று சொல்கின்றன. செக் மக்களின் சொல் 'ஸ்ப்ரஷ்'. பனியுகத்தில் இந்தப் பகுதியில் பனிப்பாளம் இல்லை. குளிர்ந்து வறண்ட புல்வெளிதான் இருந்தது. ஆற்றுப் படுகைகளிலும் பனிப்பாளங்களின் ஓரங்களிலும் கிடந்த பொடியைக் காற்று வாரிவந்து, மலை தடுத்த இடங்களில் கொட்டியது. துகள்களில் பெரும்பாலானவை 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் அளவுள்ளவை. மணலைவிட நுண்ணியவை, களிமண்ணைவிடப் பருமனானவை. அவை நெருக்கமாகப் படியாமல் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டு, சுண்ணாம்புப் பசையால் தொட்டுத் தொட்டு ஒட்டியிருக்கின்றன. தண்ணீர் புகுந்தால் பிடிப்பு விட்டுப்போய், இடைவெளிகள் மூடிக்கொண்டு, மண் தன் எடையிலேயே அமுங்கிவிடும்.

ஊரின் பழைய செங்கல் சூளைக்கு மண் வெட்டிய இடத்தில் இந்த அடுக்குகள் திறந்து கிடக்கின்றன. செக் ஆய்வாளர்கள் அந்த வெட்டுமுகத்துக்கு 'யுகங்களின் நாட்காட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளிர்மஞ்சள் பட்டைகளுக்கு நடுவே பழுப்பும் கறுப்புமாகச் சில பட்டைகள் ஓடுகின்றன. மஞ்சள் என்றால் பனியுகக் குளிர் நிலவிய காலம்: காற்று, புழுதி. கறுப்பு என்றால் வெப்பம் திரும்பி, புல்லும் மரமும் வளர்ந்து மட்கிய காலம். கடைசிப் பனியுகத்தையும் அதற்கு முந்தைய வெப்பக் காலத்தையும் சேர்த்து, ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தட்பவெப்ப மாற்றம் ஒரே சுவரில் தெரிகிறது. உலக அளவில் பனியுக ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெட்டுமுகங்களில் இதுவும் ஒன்று.

சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே மாமத வேட்டையர்கள், அதாவது அடர்ந்த ரோமம் கொண்ட பனியுக யானைகளை வேட்டையாடியவர்கள், வந்து தங்கினார்கள். ஏன் இங்கே? வரைபடத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மேற்கே பொஹீமிய மேட்டுநிலம், கிழக்கே கார்பாத்தியம். இரண்டுக்கும் நடுவே தெற்கு வடக்காக ஒரு தாழ்வான வழி டான்யூப் சமவெளியையும் போலந்துச் சமவெளியையும் இணைக்கிறது. மந்தைகள் இடம்பெயர வேறு நல்ல வழி கிடையாது. முகாம்களின் உயரத்தைக் கவனித்தால் இன்னொன்று புலப்படும். டோல்னி வியெஸ்டோனிட்செயிலும் பக்கத்து ஊரான பாவ்லோவிலும் அவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 முதல் 240 மீட்டர் உயரத்தில், சரிவின் நடுவில் இருக்கின்றன. ஆற்றோரச் சதுப்புக்கு மேலே, மலையுச்சிக் காற்றுக்குக் கீழே. அங்கே உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பார்வைக்குள் இருக்கும்.

கருவி செய்ய நல்ல கல் மட்டும் பக்கத்தில் கிடைக்கவில்லை. தீக்கல்லின் பெரும்பகுதி வடக்கே சிலேசியா, தெற்கு போலந்துப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பனிப்பாளங்கள் அள்ளிவந்து போட்ட கற்கள் கிடந்தன. ரேடியோலரைட் என்ற சிவப்பு, பச்சைக் கற்கள் கிழக்கிலுள்ள வெள்ளைக் கார்பாத்திய மலைகளிலிருந்து வந்தன. ஆக, 100 கிலோமீட்டருக்கு மேல் கல் சுமந்த மக்கள் இவர்கள். ஆனால் மண் அவர்கள் காலடியிலேயே இருந்தது.

மொராவிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த காரெல் அப்சோலோன் 1924-இல் இங்கே முறையான அகழாய்வைத் தொடங்கினார். 1925 ஜூலை 13 அன்று ஒரு பெரிய அடுப்பின் சாம்பல் அடுக்கில் இரண்டு துண்டுகளாகக் கிடைத்தது ஒரு சிறு உருவம். ஒட்டிச் சேர்த்தபோது அது ஒரு பெண். உயரம் 11.1 சென்டிமீட்டர், அகலம் சுமார் 4.3 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முகத்தில் கண்களுக்காக இரண்டு சாய்ந்த கீறல்கள் தவிர வேறொன்றும் இல்லை. தலையுச்சியில் நான்கு சிறு துளைகள். தொங்கும் மார்புகள், அகன்ற இடுப்பு, முதுகில் கொழுப்பு மடிப்புக்கான கோடுகள். முதுகில் ஒரு விரல்ரேகையும் பதிந்திருக்கிறது. ரேகைக் கோடுகளின் இடைவெளியை அளந்தவர்கள், 7 முதல் 15 வயதுக்குள் இருந்த ஒரு பிள்ளையின் விரல் அது என்று கணித்தார்கள். செய்த கையா, ஈரம் காய்வதற்குள் எடுத்துப் பார்த்த கையா என்பதை அந்த ரேகை சொல்லாது.

வீனஸ் என்று பெயர் பெற்ற இந்த உருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அழகோடும் தாய்த் தெய்வத்தோடும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அது எதனால் ஆனது என்பது. உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய சுடுமண் பொருள்களில் ஒன்று அது. பானை என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே, பல்லாயிரம் ஆண்டுகள் முன்னதாகவே, இந்த மக்கள் மண்ணைப் பிசைந்து தீயில் வைத்துக் கல்லாக்கியிருக்கிறார்கள். வீனஸ் தனிப்பிறவியும் இல்லை. சிங்கம், கரடி, மாமதம், காண்டாமிருகம் என்று விலங்கு உருவங்களின் துண்டுகள், வெறும் பிடிமண் உருண்டைகள் எல்லாம் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பொஹுஸ்லாவ் க்ளீமா 1951-இல் சரிவின் மேற்பகுதியில் தோண்டிய ஒரு குடிசையின் நடுவில், குதிரைலாட வடிவில் மண்ணால் வளைத்துக் கட்டிய அடுப்பு இருந்தது. அதைச் சுற்றி மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சுட்ட மண்துண்டுகள் கிடந்தன. சூளை என்று சொல்லத்தக்க மிகப் பழைய அமைப்பு அதுதான்.

அவற்றில் முழு உருவம் என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் இல்லை. எல்லாம் உடைந்தவை. ஏன் உடைந்தன என்பதில்தான் கைத்தொழிலின் நுணுக்கம் இருக்கிறது.

மண்பொருள் சூளையில் வெடிப்பதற்குக் குயவர்கள் சொல்லும் முதல் காரணம் ஈரம். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கிய உருவத்தைச் சட்டென்று தீயில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டி ஆவியாகும். வெளியேற வழியில்லாவிட்டால் மண்ணைப் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டாவது காரணம், சூடு ஏறும் வேகம். மேற்பரப்பு விரிய, உட்பகுதி விரியாமல் நிற்க, நடுவில் விரிசல் ஓடும். மூன்றாவது, ஒட்டு. இந்த உருவங்களில் தலை, உடல், கால் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிடித்துப் பிறகு ஒட்டியிருக்கிறார்கள். சேர்க்கும் இடத்தை நன்றாக நனைத்துப் பிசைந்து அழுத்தாவிட்டால் காயும்போதே அங்கே கோடு விழும்.

பமேலா வாண்டிவரும் க்ளீமா உள்ளிட்ட அவருடைய சக ஆய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சோதித்தது. உருவங்கள் இதே ஊர் லோயஸால் செய்யப்பட்டவை, சுட்ட வெப்பம் 500 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை என்று அவர்கள் காட்டினார்கள். திறந்த அடுப்பிலேயே எட்டக்கூடிய சூடுதான் அது. உடைப்புகளில் பல, கீழே விழுந்தோ மிதிபட்டோ ஏற்பட்டவையாகத் தெரியவில்லை. வெப்ப அதிர்ச்சியில் பிளந்த முகங்கள் அவை. லோயஸோ அப்படி எளிதில் வெடிக்கிற மண் கிடையாது. துகள் பருமனாக, இடைவெளியோடு இருப்பதால் ஆவி வெளியேற வழி இருக்கும், சுருக்கமும் குறைவு. காயவைத்துச் சுட்டால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். வெடிக்கவேண்டும் என்றால் ஈரத்தோடு தீயில் போடவேண்டும். அப்படியானால் வெடிக்கட்டும் என்றே போட்டார்களா? சத்தமும் சிதறலும் சடங்கின் பகுதியா? நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். வெயிலில் இரண்டு நாள் வைத்தால் உடையாது என்பது, இவ்வளவு கூர்மையாக விலங்கைக் கவனித்து வடித்த மக்களுக்கு ஒரு பருவத்துக்குள் பிடிபட்டிருக்கும். அது தெரிந்தும் ஆயிரக்கணக்கில் உடைந்திருக்கிறது என்றால் உருவத்தைவிட அது உடையும் தருணம் அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கவேண்டும். வீனஸ் மட்டும் இரண்டே துண்டாகத் தப்பியது அதிர்ஷ்டம்.

சூடு 800 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் வேறொரு சிக்கல் வந்திருக்கும். லோயஸில் சுண்ணாம்பு அதிகம். அந்த வெப்பத்தில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறத் தொடங்கும். ஆறிய பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, பொருளை உள்ளிருந்தே பெயர்க்கும். பின்னாளில் லோயஸில் செங்கல் அறுத்தவர்களுக்கும் இதுதான் தலைவலி. லோயஸ் அடுக்குகளில் இஞ்சிக் கிழங்குபோலச் சுக்கான்கற்கள் உருவாகின்றன. செக்கில் அவற்றுக்குச் 'சிட்ஸ்வார்' என்று பெயர். மண்ணைச் சலித்தோ அரைத்தோ அவற்றை நீக்காமல் அறுத்தால், சூளையிலிருந்து நன்றாக வெளிவந்த செங்கல்லில் சில வாரங்களில் வெள்ளைப் புள்ளி தோன்றி, அதைச் சுற்றி ஒரு சில்லு தெறித்து விழும்.

சுடுமண் துண்டுகள் இன்னொரு சேதியையும் வைத்திருந்தன. சிலவற்றின் மேற்பரப்பில் முறுக்கிய நாரும், முடிச்சும், நெசவும் பதிந்திருப்பதை 1990-களில் ஓல்கா சோஃபரும் ஜேம்ஸ் அடோவாசியோவும் கண்டறிந்தார்கள். நார் மட்கிப்போய்விட்டது, அதன் அச்சு மட்டும் மண்ணில் இருக்கிறது. மாமத வேட்டையர் என்றதும் தோலும் ஈட்டியும் மட்டுமே மனதில் வரும். கயிறும் வலையும் பின்னலும் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதற்கு இந்த மஞ்சள் மண்தான் சாட்சி.

1938-இல் முனிச் ஒப்பந்தத்தின் பிறகு இந்த ஊர் ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. மக்கள் பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்கள். அவர்கள் ஊரை உண்டர்விஸ்டர்னிட்ஸ் என்று அழைத்தார்கள். அப்சோலோனின் அகழாய்வு அத்துடன் நின்றது. நாஜி அமைப்பின் ஆட்கள் தோண்டினார்கள். கண்டெடுத்தவற்றில் பெரும்பகுதி பாதுகாப்புக்காக மிகுலோவ் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது. 1945 ஏப்ரல் 22 அன்று, போர் முடிய இரண்டே வாரம் இருந்தபோது, கோட்டை தீப்பிடித்து எரிந்தது. 30,000 ஆண்டுகள் மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்த எலும்புகளும் கருவிகளும் ஒரே நாளில் போயின. வீனஸ் அங்கே இல்லாததால் பிழைத்தாள். போருக்குப் பிறகு ஜெர்மன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், வேறிடங்களிலிருந்து செக் குடும்பங்கள் வந்து குடியேறின. ஆகவே இன்றைய ஊரில் வீடுகளுக்கு இருக்கும் வயது குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. இதை நினைவில் வைக்காமல் இந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தையோ பழைய ஆவணங்களையோ புரிந்துகொள்ள முடியாது.

தென்மொராவியாவின் பழைய வீடுகள் பல பச்சைச் செங்கல்லால் கட்டப்பட்டவை. 'வெப்ஷோவிட்செ' என்று பெயர். மண்ணோடு நறுக்கிய வைக்கோலும் பதரும் சேர்த்துக் காலால் மிதித்து, மர அச்சில் அடித்து, நிழலில் திருப்பித் திருப்பிக் காயவைப்பார்கள். சுட்ட செங்கல்லைவிடப் பெரியவை. அடியில் கல் அஸ்திவாரம், அதன்மேல் மண்கல், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது அழகுக்காக மட்டும் செய்த வேலை இல்லை. சுண்ணாம்பு மூச்சுவிடும், தரையிலிருந்து ஏறிய ஈரம் அதன் வழியாக ஆவியாகிப் போகும். 20-ஆம் நூற்றாண்டில் பலர் இதன்மேல் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியது. முதலில் பூச்சு உப்பும், தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும், பிறகு பலகை பலகையாக விழும். பின்னாலுள்ள மண்கல் அதற்குள் களியாகியிருக்கும். பழைய வீட்டை வாங்குகிறவர் முதலில் செய்யவேண்டியது சிமெண்டைத் தட்டி எடுப்பதும் கூரைநீர் சுவரோரம் விழாமல் பார்ப்பதும்தான்.

மண்ணைத் தோண்டினால் ஒயின் நிலவறை. உறுதியான லோயஸில் செங்கல் வைக்காமலே வளைவாகக் குடைந்துகொண்டு போகலாம். கோடையிலும் குளிரிலும் உள்ளே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். ஆனால் மேலே ஒரு குழாய் கசிந்தால் போதும், கூரையிலிருந்து தகடு தகடாக மண் பெயரும். திராட்சைக்கோ இந்த மண்ணின் சுண்ணாம்பே வரமும் சாபமும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்செரா பூச்சி வேரை அழித்தபோது, ஐரோப்பியக் கொடிகளை அமெரிக்க வேர்ச்செடிமேல் ஒட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. சுண்ணாம்பு நிலத்தில் அமெரிக்க வேர்களில் பல இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறின. இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதனால் இங்கே வேர்ச்செடியைத் தேர்ந்தெடுக்கும்போது சுண்ணாம்பைத் தாங்குமா என்பதே முதல் கேள்வி. மலையின் பெயரையே தாங்கிய பாலவா என்ற வெள்ளைத் திராட்சை, ட்ரமினரையும் மியூலர் துர்காவையும் ஜோசப் வெவெர்கா 1953-இல் கலந்து உருவாக்கியது. 1977-இல் பதிவானது. ரோஜாவும் வெனிலாவும் கலந்த மணம் அதற்கு.

ஊரின் வடக்கே இன்று ஆறு இல்லை, ஏரி இருக்கிறது. டியெ ஆற்றில் 1970-களிலும் 80-களிலும் நோவே ம்லீனி என்ற பெயரில் அடுத்தடுத்து மூன்று நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர். ஆண்டுதோறும் வெள்ளம் வந்துபோன ஆற்றோரக் காடுகள் மூழ்கின. முஷோவ் என்ற கிராமம் காலிசெய்யப்பட்டது. அதன் தேவாலயம் மட்டும் நடு நீர்த்தேக்கத்தில் ஒரு சிறு தீவில் தனியே நிற்கிறது. டோல்னி வியெஸ்டோனிட்செயிலிருந்து எதிர்க்கரை ஊரான ஸ்ட்ராஹோட்டினுக்குப் போகும் சாலை, நடு நீர்த்தேக்கத்தையும் கீழ் நீர்த்தேக்கத்தையும் பிரிக்கும் அணைமேலேயே ஓடுகிறது.

அணைக்கரைக்கு மண் வேண்டும். பக்கத்தில் கிடைத்தது லோயஸ். அப்படியே கொட்டினால் நனைந்ததும் அமுங்கும் என்பதால், இந்த மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, அளவான ஈரத்தில் உருளையால் அழுத்தி, அதன் இடைவெளிகளை முதலிலேயே உடைத்துவிட வேண்டும். அதற்கான மண்ணை ஊருக்கு மேலுள்ள சரிவில் வெட்டத் தொடங்கியபோது, தொல்லியலாளர்கள் இயந்திரங்களுக்கு முன்னால் ஓடி ஓடித் தோண்டவேண்டியிருந்தது. அந்த அவசர அகழாய்வில்தான் 1986-இல் மூன்று இளைஞர்கள் ஒரே குழியில் கிடைத்தார்கள். தலைகளைச் சுற்றிச் செங்காவி. நடுவில் இருந்தவரின் எலும்புகள் பிறவிக் குறைபாட்டால் வளைந்தவை. ஒரு பக்கத்தில் இருந்தவரின் கைகள் நடுவில் இருந்தவரின் இடுப்புப் பகுதிக்கு நீண்டிருந்தன. மறுபக்கத்தில் இருந்தவர் குப்புறக் கிடந்தார். நடுவில் இருப்பது பெண் என்று நெடுநாள் எண்ணினார்கள், அதையொட்டிக் கதைகளும் கட்டினார்கள். 2016-இல் வெளியான மரபணு ஆய்வு மூவரும் ஆண்கள் என்று காட்டியது. நடக்கச் சிரமப்பட்ட ஒருவரை அந்தக் கடுங்குளிரில் வளர்த்து ஆளாக்கி, இடம்பெயரும்போதெல்லாம் கூடவே கூட்டிச்சென்றிருக்கிறார்கள் என்பது மட்டும் மாறவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வீனஸைப் பார்க்கலாம் என்று நினைத்து ஊருக்குப் போனால் நகலைத்தான் பார்ப்பீர்கள். அசல் புர்னோவில் மொராவிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது, அரிதாகவே வெளியே வைக்கிறார்கள். ஊரிலுள்ள சிறிய தொல்லியல் காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, திராட்சைத் தோட்டங்களின் ஊடாகப் பாவ்லோவ் வரை நடந்தால் 2016-இல் திறந்த ஆர்க்கியோபார்க் என்ற தொல்லியல் அருங்காட்சியகம் வரும். பெரும்பகுதி நிலத்துக்கடியில், அகழாய்வு நடந்த இடத்திலேயே கட்டப்பட்டது. வழியில் தலையை நிமிர்த்தினால் மலைமேல் தியெவிச்கி கோட்டையின் இடிபாடு தெரியும். 1645-இல் ஸ்வீடன் படை கொளுத்திவிட்டுப் போனது. மழை பெய்த மறுநாள் இந்த நடையை வைத்துக்கொள்ளாதீர்கள். தோட்டப் பாதையின் மஞ்சள் சேறு ஒவ்வோர் அடிக்கும் காலணியில் ஓர் அடுக்கு ஏறும், நூறு அடிக்குள் கால் இரண்டும் கனத்துவிடும்.